தூங்கிக்கொண்டே ஒரு பரீட்சை

ராஜபாளையத்திலிருந்து குழந்தையைச் சென்னைக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறீர்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கிறது. அந்த ஊர்ப் பால்கோவா இல்லாமல் பிரயாணமா? தாராளமாக வாங்குங்கள். ஆனால் டப்பா பாட்டியின் பையில் மட்டும் இருக்க வேண்டாம்! காரணத்தைச் சொல்கிறேன்.

நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் கருவியைப் பற்றி லண்டன் டாக்டர் ஜான் ஹட்சின்ஸன் 1846-லேயே எழுதிவிட்டார். "மூச்சை இழுத்து, பலமாக ஊது" என்றால் ஐந்தாறு வயதுக் குழந்தை ஊதும். ஒன்றரை வயதுக் குட்டியிடம் சொல்லிப் பாருங்கள், குழாயைக் கடித்துப் பார்க்கும்! ஆகவே வாய் வழியாக உறக்க மருந்து கொடுத்து, முகமூடி வைத்து அளக்கிறார்கள். சில பரிசோதனைகளில் மார்பைச் சுற்றிக் காற்றடைக்கும் சட்டை ஒன்றும் உண்டு. அது சட்டென்று இறுகி மூச்சை வெளியே தள்ளும். பெற்றவளுக்குத்தான் பகீரென்று இருக்கும்; குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

தூக்கம் வர வேண்டுமானால் களைப்பு வேண்டும். இரவு தாமதமாகப் படுக்கவைத்து, அதிகாலையில் எழுப்பச் சொல்வதுண்டு. ரயில் தாலாட்டில் எழும்பூர் வரை தூங்கிய குழந்தை மருந்துக்கு மசியுமா? முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள்.

அடுத்தது வயிறு. சாதாரணமாக, பசும்பாலும் லேசான ஆகாரமும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தாய்ப்பால் நான்கு மணி, தண்ணீர் இரண்டு மணி. உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதுவே கணக்கு. மயக்கத்தில் வாந்தி வந்தால், அது மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம். பசியில் குழந்தை வீரிட்டு அழும்போது, "ஒரு விள்ளல்தானே!" என்று பாட்டியின் மனம் இளகும். பால்கோவாவும் பால்தான், அம்மா! மீறிக் கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள். பரிசோதனை தள்ளிப்போகும், டிக்கெட் பணம் வீணாகும். போகட்டும். சளி, காய்ச்சல், இரவுக் குறட்டை எதுவானாலும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

விவரம் தெரிந்த குழந்தையானால், சில நாட்கள் முன்பே பொம்மைக்கு முகமூடி வைத்து விளையாடுங்கள். மருந்தைத் "தித்திப்பு" என்று ஏமாற்றாதீர்கள். அடுத்த முறை வாயே திறக்காது.

விழித்த பிறகும் கால் தள்ளாடும், நடக்க விடாதீர்கள். வீடு திரும்பும்போது மடியில் தூங்கினால், தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக விழித்ததும், நர்ஸ் சரி என்ற பின் முதலில் தண்ணீர், அப்புறம் பால். அது வயிற்றில் தங்கிவிட்டால் பாட்டி டப்பாவைத் திறக்கலாம்.