ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? டியூப்லைட்டில் காட்டிப் பாருங்கள்!

அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் ‘525 மடங்கு’ என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே சனிக்கோள், வளையத்தோடு பளபளக்கும். பிள்ளையின் பிறந்தநாளுக்கென்று வாங்கி வந்து, மொட்டை மாடியில் முக்காலியை விரித்து, நிலாவைத் தேடிப் பிடித்தால் தெரிவது கலங்கலாக ஒரு வெள்ளைத் திட்டு. வீட்டில் இருப்பவர்கள் மேகத்தைக் குறை சொல்வார்கள், முக்காலி ஆடுகிறது என்பார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது கண் வைக்கும் பக்கம் செருகியிருக்கும் கட்டைவிரல் அளவு உருளையில். அதுதான் ஐபீஸ்.

அந்த 525 எங்கிருந்து வந்தது? டெலஸ்கோப்பின் குவியத் தூரம் 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. கூடவே வரும் பார்லோ லென்ஸ் அதை மூன்று மடங்காக்க, 525. கணக்கு சரிதான். ஆனால் முன் லென்ஸின் விட்டம் 60 மி.மீ. என்றால் 120 மடங்குக்கு மேல் அதனால் தாக்குப்பிடிக்க முடியாது. விட்டத்தில் ஒரு மி.மீ.க்கு இரண்டு மடங்கு என்பதுதான் அனுபவக் கணக்கு. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், இருளும், புதிதாக ஒரு விவரமும் தெரியாது.

இந்தப் பெட்டிகளில் வரும் ஐபீஸில் ‘எச்’ என்றோ ‘எஸ்.ஆர்.’ என்றோ போட்டிருந்தால் அது ஹைகென்ஸ் அல்லது ராம்ஸ்டன் வகை. கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள் பரீட்சைக்குப் படம் போட்டுப் பழகிய அதே சமாச்சாரம். இரண்டே இரண்டு ஒற்றை லென்ஸ். பழைய வகை என்றாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது. ஏமாற்று அடுத்த படியில் இருக்கிறது. மேலே ‘பிளாசல்’ என்று மேலான வகையின் பெயர் எழுதியிருக்கும், ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்றும் இருக்கும். உள்ளே இருப்பது வேறு. எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறித்துக்கொள்ளலாம். ஆகவே எழுத்தை வைத்து முடிவு கட்டுவது வீண்.

லென்ஸையே கேட்டுவிடலாம். அறையில் ஒரே ஒரு டியூப்லைட்டை எரியவிட்டு, ஐபீஸைக் கையில் பிடித்துச் சற்றே சாய்த்து உள்ளே பாருங்கள். விளக்கின் பிம்பங்கள் சிறிதும் பெரிதுமாக, சில நேராகவும் சில தலைகீழாகவும் மிதக்கும். காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் ஒரு பளிச்சென்ற பிம்பத்தைத் தரும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய இடம் மிக மங்கலான ஒன்றைத் தரும். வியன்னாவின் பிளாசல் 1860-இல் வடிவமைத்த ஐபீஸில் இரண்டு ஒட்டு லென்ஸ்கள். எனவே நாலு பளிச், இரண்டு மங்கல். மங்கல் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது கெல்னர் என்ற வேறு வகை. மங்கலே இல்லையென்றால் பிளாசல் பெயரில் ஹைகென்ஸோ ராம்ஸ்டனோ விற்றிருக்கிறார்கள். மங்கல் பிம்பம் சட்டென்று கண்ணில் படாது. ஐபீஸை இப்படியும் அப்படியும் அசைத்து நிதானமாகத் தேட வேண்டும்.

அதே பிம்பங்களின் நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் பூச்சே கிடையாது. லேசான நீலம் என்றால் ஒற்றைப் பூச்சு. கரும்பச்சையோ ஊதாவோ மங்கித் தெரிந்தால் பல அடுக்குப் பூச்சு. வெளிப்பரப்புக்கு மட்டும் பூச்சு கொடுத்து, உள்ளே வெறும் கண்ணாடியாக விட்டுவிடுவதும் உண்டு. முதல் பிம்பம் பச்சை, அடுத்தவை வெள்ளை என்றால் அதுதான் நடந்திருக்கிறது. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். நாலு பரப்பில் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விடும்.

இன்னொரு சோதனை வானத்தில். ஓரியன் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களில் மேற்கோரம் இருப்பது மின்டாகா. அதை ஐபீஸ் வட்டத்தின் நடுவழியாக ஓடவிட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை நேரம் பாருங்கள். 700 மி.மீ. டெலஸ்கோப்பில் 25 மி.மீ. நல்ல பிளாசல் என்றால் ஏழு நிமிடம் ஆகும். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை என்றால் அது பிளாசலாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரே தொழிற்சாலைச் சரக்குதான் பல பெயர்களில் வருகிறது, பெயரில்லாதவற்றிலும் நல்லது உண்டு என்று வானம் பார்க்கும் அன்பர்கள் சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சோதிக்கத் தெரிந்தவருக்கே அது உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் காசு போகிற ஏமாற்று. கண் போகிற ஏமாற்று ஒன்று சில பெட்டிகளின் மூலையில் கிடக்கிறது. ‘சன்’ என்று பொறித்த, சட்டைப் பொத்தான் அளவுக் கறுப்புக் கண்ணாடி. ஐபீஸின் அடியில் திருகி, சூரியனைப் பார்க்கலாமாம்!

பார்க்கவே கூடாது. உச்சி வெயிலில் 60 மி.மீ. லென்ஸ் சுமார் 2.8 வாட் வெப்பத்தைத் திரட்டி, ஆறரை மி.மீ. வட்டத்தில் குவிக்கிறது. அந்தக் குவியலின் பக்கத்திலேயே இந்தக் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. சூடேறி, முன்னறிவிப்பு இல்லாமல் அது விரிசல் விடும். அந்த நொடியில் பிள்ளையின் கண் ஐபீஸில் ஒட்டியிருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. கண்ணை எடுக்கச் சொல்லி உடம்பு எச்சரிக்காது.

சூரியனுக்கான ஃபில்டர் டெலஸ்கோப்பின் முன்வாயை முழுக்க மூட வேண்டும். வெளிச்சம் உள்ளே நுழையும் முன்பே குறைய வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிறிய ஃபைண்டரையும் மூடிவிட வேண்டும். ஃபில்டர் இல்லையென்றால் சூரியனை வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்க்கலாம். அதற்கு, ஒட்டுப் பசையே இல்லாத பழைய ஹைகென்ஸ்தான் ஏற்றது. ஆனால் உலோக உருளையும் கண்ணாடி லென்ஸுமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் உருகும். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

2019 டிசம்பர் 26 காலையில் கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வட்டாரங்களில் வளைய கிரகணம் தெரிந்தது. அடுத்தது 2031 மே 21, மதுரையை ஒட்டிய தென்மாவட்டங்களில், கத்திரி வெயிலின் நடுப்பகலில் வருகிறது. வளைய கிரகணத்தில் சூரியன் ஒரு கணம்கூட முழுதாக மறைவதில்லை. அன்றைக்குப் பரணிலிருக்கும் பழைய டெலஸ்கோப்பைப் பிள்ளைகள் கட்டாயம் இறக்குவார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அந்தக் கறுப்புக் கண்ணாடி இருந்தால், இன்றே எடுத்து உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.