கடலில் குடித்தனம்

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகு இரண்டே பேருடன் புறப்பட்டது. ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி, மற்றவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். படகின் நீளம் 56 அடி. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் என நான்கு துறைமுகங்களில் தங்கி, உலகத்தைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவா வந்து சேர்ந்தார்கள். கடந்த தூரம் 25,000 கடல் மைலுக்கும் மேல். இந்தப் பயணத்துக்காக அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அவர்கள் கடலில் ஓடிப் பழகிய தூரமோ 38,000 கடல் மைல். பயணத்தைவிட ஆயத்தம்தான் நீளம்.

அவர்களுக்குப் பின்னால் ஒரு கடற்படையே இருந்தது. ஆனால் 35 முதல் 45 அடி நீளமுள்ள பாய்மரப் படகுகளில், கணவன், மனைவி, பிள்ளைகள் என்று சாதாரணக் குடும்பங்களும் உலகின் பல கடல்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. ஊர் ஊராக, தீவு தீவாகப் போய்க்கொண்டே குடித்தனம் நடத்துகின்றன. அப்படிப்பட்ட படகு எப்படி இயங்குகிறது, அதையும் அதில் ஏறும் குடும்பத்தையும் எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கும் நமக்கு மேற்கே எழுந்து நிற்பது மலை. கடலைப் பார்க்கத் தூத்துக்குடி வரை போக வேண்டும். அங்கே போனால், மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் செல்லும் தோணிகளைக் காணலாம். தோணித் தொழிலாளர்கள் அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, அதிலேயே பழுது பார்க்கிறார்கள். கச்சான் காற்று மூர்க்கமாக வீசும் தென்மேற்குப் பருவத்தில் தோணியைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஆகவே கடலில் குடித்தனம் தமிழருக்குப் புதிதில்லை.

ஓட்டைகளிலிருந்து தொடங்கு

படகு வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது பாயை அல்ல, ஓட்டைகளை. நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் வேண்டுமென்றே போட்ட துளைகள் பல இருக்கும். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வர ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று, சமையல் தொட்டியின் கழிவு வெளியேற ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, அதில் மாட்டிய ரப்பர் குழாய், குழாயை இறுக்கும் எஃகு வளையம். அந்த வளையம் துருப்பிடித்து விட்டுப்போனால் படகு மூழ்கலாம். அதனால்தான் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், நுனி சிறுத்த கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். குழாய் பிய்ந்தால் கட்டையைத் துளையில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. மரம் நனைந்து ஊறி, துளையை அடைத்துக்கொள்ளும். கட்டையை எங்கோ ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தால் பயனில்லை. இருட்டில் துழாவினால் கைக்குச் சிக்க வேண்டும்.

பிறகு படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, அவை மறுபடி ஒட்டாதபடி தடுக்கும் வண்ணம் பூச வேண்டும். பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகு வடங்களை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தையே மாற்றுவதுதான் வழக்கம். ஏனெனில் ஒரு வடம் போனால் மரமே சாயும்.

தூங்காத மாலுமி

இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் இருபத்து நான்கு மணி நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. மின்சாரத்தில் இயங்கும் தானியங்கிச் சுக்கான் உண்டு. ஆனால் அது மின்கலத்தைக் குடித்துத் தீர்க்கும். மின்சாரமே வேண்டாத ஏற்பாடு, காற்றுச் சுக்கான்.

படகின் பின்புறத்தில் ஒரு மெல்லிய பலகை செங்குத்தாக நிற்கும். காற்று படகுக்கு எந்தக் கோணத்தில் வீச வேண்டுமோ, அந்தக் கோணத்துக்குப் பலகையைத் திருப்பி வைத்துவிடுவார்கள். படகு திசை மாறினால் காற்று பலகையின் பக்கவாட்டில் அடித்து அதைச் சாய்க்கும். சாயும் பலகை, நீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருப்பும். திரும்பிய துடுப்பை ஓடும் நீர் பலமாக ஒரு பக்கம் தள்ளும். துடுப்பு ஊசலாட, அதில் கட்டிய கயிறு சுக்கானை இழுக்கும். படகு பழைய திசைக்கு வந்ததும் பலகை மறுபடி நிமிர்ந்துகொள்ளும். கட்டளையிடுவது காற்று, வலுக் கொடுப்பது நீர். 1960-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாகக் கடக்கும் முதல் போட்டியில் இரண்டாவதாக வந்த பிளாண்டி ஹாஸ்லர், காற்றால் இயங்கும் சுக்கான்களை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர்.

தண்ணீர்க் கணக்கு

நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்களை ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவை வைத்து வகுக்கிறார்கள். படகில் ஆளுக்குப் பத்து லிட்டர் நன்னீர் கிடைத்தால் தாராளம். நான்கு பேர், 400 லிட்டர் தொட்டி என்றால் பத்து நாள் ஓடும். பாத்திரம் கழுவுவதும் முதல் குளியலும் கடல்நீரில். கடைசியாக அலசுவது மட்டும் நன்னீரில். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, குடத்தையும் அண்டாவையும் நிறைத்து, அடுத்த முறை வரும்வரை அளந்து செலவழித்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் சிறு கருவிகளும் உண்டு. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பிரிக்க, நம் வீட்டு ஆர்.ஓ. கருவியைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு அழுத்தம் தேவை. சிறிய படகுக் கருவிகளில் உள்ளே போகும் பத்து லிட்டரில் ஒரு லிட்டர்தான் நன்னீராக வரும். மீதி உப்பு மிகுந்து கடலுக்கே திரும்பும். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் கருவியை ஓட்டினால் உப்பை வடிக்கும் சவ்வு கெட்டுவிடும். எனவே கருவி இருந்தாலும் தொட்டி நிறைவாகவே இருக்க வேண்டும், மழைநீர் பிடிக்கும் துணியும் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டு யூனிட் வீடு

குளிர்பெட்டி, விளக்கு, மின்விசிறி, வானொலி, திசை காட்டும் கருவிகள், நீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்ந்து சிக்கனமான ஒரு படகுக்கு நாளொன்றுக்கு சுமார் இரண்டு யூனிட் மின்சாரம் போதும். 600 வாட் சூரியத் தகடுகள் நல்ல வெயிலில் அதைக் கொடுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைத்துவந்த 100 யூனிட்டைவிடச் சற்றே கூடுதல். இதற்குள் ஒரு குடும்பம் நிம்மதியாக வாழ முடியும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மின்கலம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈய அமில மின்கலத்தில் பாதிக்கு மேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரை எடுக்கலாம், எடையும் குறைவு. விலைதான் கூடுதல்.

அடுப்பும் அஞ்சறைப் பெட்டியும்

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். எனவே அடுப்பைச் சுழல் அச்சில் தொங்கவிடுகிறார்கள். படகு சாய்ந்தாலும் குழம்புச் சட்டி மட்டமாக நிற்கும். மூடி பூட்டிக்கொள்ளும் பிரஷர் குக்கர் நல்ல துணை. ஆனால் சமையல் எரிவாயு ஆபத்தானது. அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வெளியேற்றலாம். படகிலோ அது அடித்தளத்தில் இறங்கித் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் சிலிண்டரைத் தனி அறையில் வைத்து, அந்த அறையின் அடியிலிருந்து கடலுக்கு நேராக ஒரு வடிகால் விடுவது கட்டாயம்.

நம் சமையலறை இந்த வாழ்க்கைக்கு ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறது. சுண்டவற்றல், கத்தரி வற்றல், மோர்மிளகாய், வடகம், அவல், புளி, கருவாடு, ஊறுகாய் எல்லாம் குளிர்பெட்டி இல்லாமலே நிற்பவை. காய்கறி வந்த அட்டைப்பெட்டியை மட்டும் படகில் ஏற்றக் கூடாது. அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டைகள் ஒளிந்து வரும்.

மருந்துப் பெட்டியில் காயக்கட்டுக்கு முதலிடம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் போகிறது. கடலில் அதன் அருமை இன்னும் கூடும். கயிறு அறுத்த உள்ளங்கை, கொதிநீர் சுட்ட கை, இடறி விழுந்த முழங்கால் இவைதான் படகில் அடிக்கடி வரும் காயங்கள். காயத்தைக் கழுவிக் கட்டவும், தீப்புண்ணைக் கவனிக்கவும், எலும்பு முறிந்தால் அசையாமல் தாங்கு கட்டவும் குடும்பத்தில் இருவராவது முறையாகப் பழகியிருக்க வேண்டும்.

கட்டுப்போட்டுத் தீராத காயம் என்றால் வெளியுதவியை அழைக்க வேண்டும். 2018 செப்டம்பரில் அபிலாஷ் டோமி என்ற கடற்படை அதிகாரி, உலகைத் தனியாளாகச் சுற்றும் பாய்மரப் போட்டி ஒன்றில் தென் இந்தியப் பெருங்கடலில் ஓடியபோது புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவர் அனுப்பிய அபாயச் செய்தியால்தான் மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவியின் சமிக்ஞை செயற்கைக்கோள் வழியாக, நம் நாட்டில் பெங்களூருவிலுள்ள இஸ்ரோ மையத்துக்கு வருகிறது. கருவியை முன்பே பதிவு செய்திருந்தால்தான் யாருடைய படகு என்று அவர்களுக்கு உடனே தெரியும். அபிலாஷ் உடல் தேறி, 2023-இல் அதே போட்டியை இரண்டாம் இடத்தில் முடித்தார். பிறகு ரூபாவுக்கும் தில்னாவுக்கும் பயிற்சி அளித்தவரும் அவர்தான்.

நங்கூரமும் பருவமும்

கடல் குடும்பம் பெரும்பாலான இரவுகளை நங்கூரத்தில்தான் கழிக்கிறது. சங்கிலி நங்கூரத்துக்கு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு நீளம் விட வேண்டும். நீர் 8 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம் (முன்முனை) 2 மீட்டர் உயரம் என்றால் மொத்தம் 10. ஆகவே 50 மீட்டர் சங்கிலி. நீளம் இருந்தால்தான் இழுப்பு கிடைமட்டமாக அமைந்து, நங்கூரம் மண்ணைப் பிடிக்கும். சங்கிலியைக் குறைத்து விட்டால், காற்று தள்ளும் படகு நங்கூரத்தை மேல்நோக்கிப் பிடுங்கிவிடும்.

வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல், மே மாதங்களிலும் புயல் வரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஆகவே தாய்லாந்திலிருந்து இலங்கை வழியாக மேற்கே போகும் படகுகள், வாடைக்காற்று இதமாக வீசும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுக்கின்றன. தோணிக்காரர்கள் போலவே, தேதியைப் பார்க்காமல் காற்றைப் பார்த்துப் புறப்படுவதுதான் பாதுகாப்பு.

கரையில் விட்டுச் செல்வது

படகு தயாரானாலும் வீடு தயாராக வேண்டும். வீட்டை வாடகைக்கு விட்டால் கவனிக்க நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம். ஓய்வூதியம் வாங்குபவர் ஆண்டுதோறும் தர வேண்டிய ஆயுள் சான்றை முக அடையாளம் காட்டிக் கைபேசியிலேயே தரப் பழக வேண்டும். பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து படிக்கலாம். கடவுச்சீட்டு, படகுப் பதிவு, ஒவ்வொரு நாட்டிலும் சுங்கம், குடியேற்றம் ஆகியவற்றின் அனுமதி எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதான பெற்றோருக்கு அவசரம் வந்தால் எந்த ஊரிலிருந்து எப்படித் திரும்புவது என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இந்த வாழ்க்கையை விரும்புகிறவர்கள் படகு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் வீட்டிலேயே ஒரு மாதம் தண்ணீரையும் மின்சாரத்தையும் அளந்து எழுதுங்கள். மோட்டாரின் வாஷரை நீங்களே மாற்றுங்கள். முதலுதவிப் பயிற்சிக்குப் போங்கள். பிறகு பாய் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சென்னையில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்கள் இருக்கின்றன. கரையில் மின்வாரியமும் நகராட்சியும் பிளம்பரும் மருத்துவரும் நமக்காகச் செய்யும் வேலைகளைக் கடலில் அந்தக் குடும்பமே செய்தாக வேண்டும். அதைக் கற்றுக்கொண்ட குடும்பம் படகேறினாலும் ஏறாவிட்டாலும், தாம் எதில் வாழ்கிறோம், எவ்வளவில் வாழ முடியும் என்பதைத் தெளிவாக அறிந்த குடும்பமாக இருக்கும். என்னைக் கேட்டால், படகை வாங்குவதற்கு முன்பே கிடைத்துவிடும் பெரிய செல்வம் அது.