சொந்தத் தொழில்: கம்ப்யூட்டர் தயார், கணக்கு தயாரா?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த சில மாதங்களிலேயே பலருக்கும் ஒரு யோசனை வந்துவிடுகிறது. டைப்பிங் பழகியாயிற்று, போட்டோஷாப்பும் ஓரளவு தெரியும். இனி எதற்கு இன்னொருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் பட்டுக்கோட்டை போன்ற ஊரில் இதற்கான விடையைக் கம்ப்யூட்டரில் தேடுவதைவிடக் காலண்டரில் தேடுவது நல்லது.

டிடிபி வேலையை எடுத்துக்கொள்வோம். இதில் பெரிய வரவு கல்யாணப் பத்திரிகைதான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வந்த பிறகுதான் கடைத்தெருவே களைகட்டும். ஆக, உங்கள் வருமானம் மாதச் சம்பளம் போல வராது, வெள்ளாமை போலத்தான் வரும். கடை வாடகையும் இன்டர்நெட் பில்லும் ஆடியிலும் தவறாமல் வரும்!

எக்செலைத் திறந்து சித்திரை முதல் பங்குனி வரை 12 வரிசைகள் போடுங்கள். பக்கத்தில் வரவு, செலவு என இரண்டு கட்டங்கள். கூட்டலை ஆட்டோசம் பட்டன் பார்த்துக்கொள்ளும். செலவில் பலரும் மறப்பது பி.எஃப். அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய் என்றால், முதலாளி பங்காக 12 சதவீதம், அதாவது மாதம் 1,440 ரூபாய் உங்கள் பெயரில் கட்டப்படுகிறது. இனி அதையும் நீங்களேதான் எடுத்து வைக்க வேண்டும்.

இயற்கையும் ஒரு செலவுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. யூ.பி.எஸ். கொடுப்பது ஃபைலை சேவ் செய்து ஷட்டவுன் செய்வதற்கான சில நிமிடங்களை மட்டுமே. ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள் என்பேன்.

சென்னை, கோவை நிறுவனங்களுக்கு இங்கிருந்தே வெப் டிசைன் செய்து தரலாம். வேலை முடிந்துவிடும், பணம்தான் இழுக்கும். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. பதிவு செய்த சிறு தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்கள்தான். இருந்தாலும் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிவிடுவது நிம்மதி. 'டெபாசிட் கட்டுங்கள், டேட்டா என்ட்ரி வேலை தருகிறோம்' என்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், ஆடி முதல் தை வரை செய்து பாருங்கள். மந்தமான மூன்று மாதங்களும் அதற்குள் வந்துவிடும். அந்த மாதங்களிலும் செலவு போகக் கையில் ஏதாவது நின்றால், ராஜினாமா கடிதத்தை வேர்டில் அடிக்கலாம். வெளி வேலை பார்க்க அனுமதி உண்டா, எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பதை மட்டும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.