நிமிர்ந்து நிற்பவர்களின் படம்

வெளிதேசங்களுக்குப் பிரயாணம் போகிறவர்கள் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கோட்டைகளையும் கோபுரங்களையும் மலைச் சிகரங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள் என்றாலும், ஊர் திரும்பி வந்து நண்பர்களிடம் ஆவலோடு எடுத்துக் காட்டுபவை பெரும்பாலும் மனிதர்களின் படங்களாகவே இருக்கின்றன. சந்தையில் மிளகாய் விற்கும் கிழவி, வலையை உதறி மீனைப் பிரிக்கும் கிழவர், செங்கல் சூளையில் மண் சுமக்கும் பெண், பள்ளிக்கூட வாசலில் முண்டியடித்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் என்று ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் சாதாரண ஜனங்கள் யார் யாருடைய ஆல்பங்களிலோ இடம் பிடித்திருக்கிறார்கள். கோபுரத்தை எந்தக் கோணத்திலிருந்து எடுத்தாலும் அது ஆட்சேபிப்பதில்லை. மனிதருக்கோ தம்முடைய படம் எப்படி அமைய வேண்டும் என்பதில் திட்டமான அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயமும் படம் எடுக்க வந்தவருடைய அபிப்பிராயமும் அநேகமாக ஒத்துப்போவதில்லை என்பதில்தான் இந்தக் கலையின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம் ஊர்ப் பக்கத்துக் கிராமமாகட்டும், பெரு நாட்டு மலைக்கிராமமாகட்டும், வீட்டு வாசலில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். “செத்த இருங்க, சட்டையை மாத்திக்கிட்டு வந்துடறேன்” என்று அவர் உள்ளே போய்விடுவார். முகம் கழுவி, தலை வாரி, பெட்டியில் மடித்து வைத்திருந்த உடுப்பை உடுத்திக்கொண்டு வந்து, அதுவரை இருந்த சிரிப்பையும் ஒதுக்கிவிட்டு, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, லென்ஸை நேருக்கு நேராகப் பார்த்தபடி விறைப்பாக நிற்பார். படம் எடுக்க வந்தவருக்கு உற்சாகம் வடிந்துவிடும். அவர் கண்ட காட்சியில் புகை படிந்த சுவரும், நெற்றி வியர்வையும், கிழிந்த பனியனும் அல்லவா அழகாக இருந்தன! அதை இயல்பு என்று அவர் சொல்லுகிறார். எதிரே நிற்பவருக்கு அது வெளியார் பார்க்கக்கூடாத கோலம்.

இந்த விறைப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் காமிராக்களில் ஒளி பதிவதற்குப் பல வினாடிகள் பிடித்தன. அதற்குள் அசைந்தால் உருவம் கலங்கிப்போகும் என்பதால், தலை ஆடாமலிருக்கப் பின்புறத்தில் இரும்பு முட்டுக் கொடுத்து நிற்க வைப்பதும் வழக்கமாக இருந்தது. வேகமான பிலிம் வந்த பிறகு அந்த அவசியம் நீங்கிவிட்டாலும், படம் என்பது சிரத்தையோடு நிற்க வேண்டிய ஒரு சடங்கு என்ற எண்ணம் ஜனங்களின் மனத்தில் தங்கிவிட்டது. அரண்மனைப் படிக்கட்டு எழுதிய திரைக்கு முன்னால், பூ ஜாடி வைத்த முக்காலியின்மேல் கையை ஊன்றி, கடிகாரம் தெரியும்படி முழுக்கைச் சட்டையைச் சற்று ஏற்றிவிட்டுக்கொண்டு நிற்கும் நம் தாத்தாக்களின் ஸ்டூடியோப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1925-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா காமிரா, உள்ளங்கையில் அடங்கும் உருவத்தோடு, எதிராளி அறியுமுன்னே படம் எடுத்து முடிக்கும் சௌகரியத்தைக் கொடுத்தது. பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் லைக்காவின் பளபளப்பு யார் கண்ணிலும் படாதிருக்க அதைக் கறுப்பு நாடாவால் மூடிக்கொண்டு தெருவில் திரிந்தார். அவருடைய கைவண்ணம் உலகப் பிரசித்தி அடைந்ததும், தெரியாமல் எடுப்பதே உத்தமமான முறை என்பது படக்காரர்களின் சம்பிரதாயமாகிவிட்டது.

ஆனால் யார், யாரை, எந்த ஸ்தானத்திலிருந்து எடுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1868-க்கும் 1875-க்கும் இடையில் ‘இந்தியாவின் மக்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் எட்டு பெரிய தொகுதிகள் லண்டனில் வெளியாயின. 1857-ஆம் வருஷத்துக் கலகத்துக்குப் பின் தாங்கள் ஆளும் ஜனங்களை வகைப்படுத்தித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேகம் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இருந்தது; அந்தத் தொகுதிகளில் ஒட்டப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களின் பக்கத்தில் இன்ன ஜாதி, இன்ன தொழில், இன்ன சுபாவம் என்று குறிப்பு இருக்கும். இன்னார் என்ற பெயர் பெரும்பாலும் இராது. ஒரு மனிதரை ஓர் இனத்தின் மாதிரியாக நிறுத்திவைக்கும் இந்தப் பழக்கம் சர்க்கார் தொகுதிகளோடு ஒழிந்துவிடவில்லை. பிரயாணப் பத்திரிகைகளின் பளபளக்கும் பக்கங்களிலும் அது நெடுங்காலம் தொடர்ந்தது.

அப்படி வந்த படங்களுள் மிகப் பிரசித்தமானது ‘நேஷனல் ஜியாகிரபிக்’ பத்திரிகையின் 1985 ஜூன் மாத அட்டையில் வெளிவந்த ஆப்கானியச் சிறுமியின் படம். முந்தின வருஷம் பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாமில், கூடாரத்தில் நடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அமெரிக்கரான ஸ்டீவ் மக்கரி அவளைப் படம் எடுத்தார். பச்சை விழிகளும், ஓட்டை விழுந்த சிவப்பு முக்காடும் உலகமெங்கும் கோடிக்கணக்கானவர்களின் நினைவில் பதிந்தன. அவளுடைய பெயர் மட்டும் பதினேழு வருஷங்கள்வரை யாருக்கும் தெரியவில்லை. 2002-இல் மக்கரி திரும்பவும் தேடிச் சென்று கண்டுபிடித்தபோது ஷர்பத் குலா என்ற அந்தப் பெண் மூன்று குழந்தைகளுக்குத் தாயாகியிருந்தாள். உலகம் அறிந்த அந்தப் படத்தை அவள் ஒருத்தி அதுவரை பார்த்ததே இல்லை. அன்று முன்பின் அறியாத ஓர் அந்நிய ஆடவர் படம் எடுத்ததில் தனக்குக் கோபம் வந்தது என்பதை அவள் மறந்திருக்கவில்லை. அந்தக் கண்களில் அகதியின் துயரத்தையும் யுத்தத்தின் பயங்கரத்தையும் ஆயிரம் கட்டுரைகள் படித்துக் கூறின. அந்நியர்மேல் ஒரு சிறுமிக்கு உண்டான நியாயமான கோபத்தை அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை. படத்தின் கலைத்திறனை நான் குறை கூறவில்லை. எடுக்கப்பட்டவருடைய பேச்சு கூடவே வராதபோது, பார்க்கிறவர் தமக்கு வேண்டியதை அந்த முகத்தில் எழுதிக்கொள்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான ஓர் உலகத்தைக் காண மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி தேசத்தின் தலைநகரான பமாக்கோவுக்குப் போக வேண்டும். தச்சுவேலை பழகிய ஸெய்து கெய்ட்டா என்பவர் 1948-இல் அங்கே சிறைச்சாலைக்கு அருகில் ஒரு ஸ்டூடியோ திறந்தார். முதலில் அவர் பின்னணியில் கட்டிய திரை அவருடைய சொந்தப் படுக்கை விரிப்பு. ஐரோப்பிய கோட்டுகள், கழுத்துப் பட்டைகள், கைக்கடிகாரங்கள், பேனாக்கள், ஒரு ரேடியோ, ஒரு ஸ்கூட்டர் முதலியவற்றை வாங்கி வைத்திருந்தார். வருகிறவர்கள் வேண்டியதை எடுத்து அணிந்துகொள்ளலாம். பிலிம் விலை அதிகமாதலால் ஓர் ஆளுக்கு அநேகமாக ஒரே ஒரு தடவைதான் காமிராவைச் சொடுக்குவார். ஆகவே கையை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு திருப்புவது, சேலைபோன்ற மேலாடையின் மடிப்பு எப்படி விழுவது என்பதையெல்லாம் இருவரும் முன்கூட்டியே கலந்து தீர்மானித்தார்கள். அவருடைய படம் ஒன்றில், வெள்ளைக் கோட்டும் டையும் தடித்த பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடியும் அணிந்த ஒரு வாலிபன், நீண்ட விரல்களில் ஒற்றைப் பூவைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறான். அவனைப் பார்த்து யாருக்கும் இரக்கம் உண்டாவதில்லை. என்ன ஷோக்கான ஆள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இரவல் கடிகாரம் கட்டிக்கொண்டு எடுத்த படம் பொய்ப் படம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1960-இல் விடுதலை பெறவிருந்த ஒரு நகரத்தின் ஜனங்கள், தாங்கள் எப்படி ஆகவேண்டும் என்று மனத்தில் எண்ணினார்களோ அந்த எண்ணம் அங்கே பதிந்திருக்கிறது. கூரையின் ஓட்டை எவ்வளவு வாஸ்தவமோ அவ்வளவு வாஸ்தவம் அதன் கீழ் வசிப்பவருடைய ஆசையும். விசித்திரம் என்னவென்றால், 1991-இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பொருட்காட்சியில் இந்தப் படங்களை வைத்தபோது எடுத்தவர் பெயர் தெரியவில்லை என்றே எழுதியிருந்தார்கள். பிறகு பமாக்கோவுக்கு ஆள் போய் விசாரித்துக் கெய்ட்டாவைக் கண்டுபிடிக்க, 1994-இல் பாரிஸில் அவர் பெயரிலேயே கண்காட்சி நடந்தது. பெயர் இழப்பது படத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் நேரும் கதி அன்று என்பது இதனால் விளங்கும்.

பெருவில் மார்டின் சாம்பி செய்ததும் இதற்கு இணையான காரியம்தான். 1891-இல் கெச்சுவா மொழி பேசும் குடியானவக் குடும்பத்தில் பிறந்த அவர், தகப்பனார் வேலை பார்த்த தங்கச் சுரங்கத்துக்கு வந்த படக்காரர்களைப் பார்த்து இந்தத் தொழிலில் மோகம் கொண்டார். 1920-இல் கூஸ்கோ நகரத்தில் குடியேறி, சீமான் வீட்டுக் கல்யாணத்தையும், மலையிலிருந்து இறங்கிவந்த ஒட்டுப்போட்ட உடை அணிந்த குடியானவனையும் ஒரே ஒளியில், ஒரே நிதானத்தோடு கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார்.

அப்படியானால் வேலை செய்யும்போதும் துன்பப்படும்போதும் மனிதர்களைப் படம் எடுக்கவே கூடாதா என்றால், அவ்வாறு சொல்வது நியாயமாகாது. பொருளாதாரம் படித்துவிட்டுக் காமிராவை எடுத்த பிரேஸில் தேசத்தவரான செபாஸ்டியோ சல்காடோ 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த படங்களைப் பாருங்கள்: பிரம்மாண்டமான ஒரு பள்ளத்தின் சுவர்களில் சாய்த்த ஏணிகளில், சேறு பூசிய உடம்போடு ஆயிரக்கணக்கானவர்கள் மண்மூட்டை சுமந்து ஏறுகிறார்கள். அந்த உழைப்பை உலகம் அறிய வேண்டியதுதான். ஆயினும் அவர் அகதிகளையும் இடம்பெயர்ந்தோரையும் எடுத்த படங்களில் யாருக்கும் பெயர் இல்லை என்பதை அமெரிக்க விமரிசகர் சூசன் சான்டாக் 2003-இல் கண்டித்தார். கீர்த்தி பெற்றவர்களுக்கு மட்டும் பெயர் போட்டுவிட்டு மற்றவர்களை இனத்துக்கும் தொழிலுக்கும் துயரத்துக்கும் மாதிரிகளாக நிறுத்துகிறோம் என்பது அவர் வாதம். லண்டனில் அச்சான அந்த எட்டுத் தொகுதிகளின் மேல் சொல்லவேண்டிய குற்றச்சாட்டும் இதுவே.

வேறொரு விபரீதமும் உண்டு. எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் வாழும் முர்சி இனத்துப் பெண்கள் கீழுதட்டில் மண்தட்டுச் செருகிக்கொள்ளும் வழக்கமுடையவர்கள். அதைக் காண மோட்டார் வண்டிகளில் வரும் சுற்றுலாக்காரர்கள் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு கொடுத்துவிட்டு, சிறிது நேரத்தில் வண்டியேறிப் போய்விடுகிறார்கள். எவ்வளவு விநோதமாக இருக்கிறதோ அவ்வளவு காசு கிடைக்கும் என்று கண்டுகொண்ட அவர்கள், தங்கள் வழக்கத்தில் இல்லாத அலங்காரங்களையும் தலைமேல் ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். ஆதிகால வாழ்வை உள்ளபடி எடுத்து வந்தேன் என்று மகிழ்பவர், தம்மைப் போன்றவர்களுக்காகவே தயாரான வேஷத்தைத்தான் எடுத்து வருகிறார். காசு கேட்டதைப் பற்றி அவர் முகம் சுளிப்பதற்கும் இடமில்லை. அந்தப் படத்தை அவர் விற்றால் காசு வாங்காமலா விற்கப்போகிறார்?

உள்ளூர்க்காரர் கையில் காமிரா வந்தால் நிலைமை மாறும் என்ற நம்பிக்கையில், வங்காளதேசத்தின் டாக்கா நகரத்தில் ஷாஹிதுல் ஆலம் 1989-இல் ‘த்ரிக்’ என்ற பட நிறுவனத்தை ஆரம்பித்தார். புயலும் வெள்ளமும் வரும்போது மட்டும் மேனாட்டுப் பத்திரிகைகளில் தலைகாட்டிய தம் தேசத்தின் மற்ற நாட்களையும் உலகம் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1998-இல் புகைப்படம் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும் அங்கே நிறுவினார்.

விடுமுறையில் நேபாளத்துக்கோ வியட்நாமுக்கோ போகிற நம்மவர்களுக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில உண்டு. தூரத்திலிருந்து பெரிய டெலி லென்ஸ் வைத்துக் களவாடுவதைவிட, கிட்டப் போய், கையாலாவது ஜாடை காட்டிச் சம்மதம் கேட்பது மேல். வேண்டாம் என்று தலையசைத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும். குழந்தைகளை எடுக்குமுன் பெரியவர்களைக் கேட்க வேண்டும். பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பிரதி அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பியே தீர வேண்டும்; எடுத்த நிமிஷத்திலேயே காகிதத்தில் தரும் காமிராக்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டை மாற்றிக்கொண்டு வந்து விறைப்பாக நிற்பவரை முதலில் அப்படியே எடுத்துவிட வேண்டும். பமாக்கோவின் மற்றொரு மேதையான மாலிக் சிடிபே, இரவு விருந்துகளில் ஆடும் வாலிபர்களை எடுத்த படங்களைச் சிறு பிரதிகளாக்கி, நம்பர் போட்டு ஸ்டூடியோவில் வைப்பார். அவர்கள் வந்து பார்த்துத் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து வாங்கிப் போவார்கள். இப்போதைய காமிராவின் முதுகிலேயே திரை இருப்பதால் அந்த உபசாரத்தை நாமும் செய்யலாம். நாம் மெச்சிய படத்தைத் தள்ளிவிட்டு, நாம் அழிக்க நினைத்த ஒன்றை அவர் சுட்டிக்காட்டி இதுதான் வேண்டும் என்பார். அவர் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று சற்று நின்று யோசித்துப் பார்க்கிறவர், அந்தத் தேசத்தைப் பற்றி வழிகாட்டிப் புத்தகங்கள் எதிலும் அகப்படாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு ஊர் திரும்புவார்.