மெழுகுத் துணியில் எழுந்த ஓவியர் கிராமம்

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பிராட்வேயில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கி, பின்னர் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம்மாறிய கலைப்பள்ளி, தொழிலுக்குப் பயன்படும் கைவினைஞர்களைப் பழக்குவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. ஓவியக்கூடமும் பட்டறையும் ஒரே வளாகத்தில் அமைந்த அந்தச் சூழலே, பிற்காலத்தில் சென்னை இயக்கம் எனப் பெயர்பெற்ற நவீன ஓவியப் போக்குக்குத் தனித்தன்மையை அளித்தது.

பௌத்த ஓவிய மரபில் ஊறிய கையால் மேய்ச்சல் நில மக்களின் அன்றாட வாழ்வை வரைந்த மங்கோலியாவின் சாரவ் முதல், மரபும் அயல்நாட்டுப் பாணியும் ஒருசேர இழுக்கும் இடத்தில் நின்றவர் உலகெங்கும் உண்டு. சென்னையில் அந்த இழுபறிக்கு விடை தேடியவர், 1957இல் கலைப்பள்ளியின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர். வான்கோவின் வண்ணங்களை நன்கறிந்திருந்தும், ஒளியும் நிழலும் தீட்டிப் பருமனைக் காட்டும் ஐரோப்பிய முறையிலிருந்து விலகி, கோயில் சுவரோவியத்திலும் கோலத்திலும் உருவத்தைத் தாங்கி நிற்கும் கோட்டையே அவர் அடிப்படையாகக் கொண்டார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களும் கணக்குக் குறிகளும் வாசிக்க இயலாத எழுத்துகளும் படத்தின் பரப்பை நிறைத்தன.

ஆயினும் படங்களை வாங்குவோர் அன்று அரிதாக இருந்தமையால், ஓவியர்கள் பாத்திக் என்னும் துணிச் சாயக்கலையைக் கைக்கொண்டனர். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் தீட்டிச் சாயத்தில் நனைத்தால், மெழுகு படிந்த இடம் நிறம் ஏற்காமல் தங்கிவிடும். சூடு பட்டால் மெழுகு உருகிவிடும் என்பதால் குளிர்ந்த சாயமே பயன்படும். வெளிர்நிறத்தில் தொடங்கி அடர்நிறம்வரை மெழுகிடுதலும் நனைத்தலும் மாறிமாறி நிகழ, இறுதியில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்குவர். மெழுகின் வெடிப்புகளில் சாயம் புகுந்து உண்டாகும் நரம்பு போன்ற மெல்லிய கோடுகளே இக்கலையின் தனியழகு. கோட்டைத் தம் மொழியாகக் கொண்ட ஓவியர்களுக்கு இது வெறும் பிழைப்பாக மட்டும் இருந்திருக்க இயலாது.

இத்தகைய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணமே 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் கைகொடுத்தது. கைவினையைக் கலைக்குக் கீழே வைக்கும் பழக்கத்தை, இந்த வரலாறு ஒன்றே தகர்க்கப் போதுமானது. செப்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் சிற்பம் படைத்த பி.வி. ஜானகிராமும் அந்தக் கிராமத்தைச் சேர்ந்தவரே. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பட்டறை ஒலியோடு வளரும் மாணவர்களைச் சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஆசிரியர்கள் ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும்.