பாதுகாப்பான வருவாயும் கடன் பத்திரத் தேர்வும்: புதுச்சேரி நகரின் பின்னணியில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நிலையான வட்டி தரும் முதலீடுகளை ‘இடரற்றவை’ என ஒரே சொல்லில் வகைப்படுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. கடன் வாங்கியவர் திருப்பித் தருவாரா என்ற ஒரு வினாவையே இவ்வழக்கு கருத்தில் கொள்கிறது. வட்டி எந்த நாணயத்தில் வருகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு வருகிறது, அது எதை வாங்கும் என்ற வினாக்கள் விடுபட்டுவிடுகின்றன. பிரெஞ்சு ஆட்சியோடு தொடர்புடைய புதுச்சேரியின் வரலாற்றிலிருந்து சில சான்றுகளைக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை விளக்குகிறது. அதன்பின் இன்று அந்நகரில் வாழும் ஓய்வு பெற்ற ஒருவர் தெரிவு செய்யத்தக்க முதலீடுகளை அது மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கடன் பத்திரம், நிலை வருவாய், பணவீக்கம், மறுமுதலீடு, முதிர்வுக் காலம், புதுச்சேரி.

1. முன்னுரை

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர், படைப்பிரிவினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். இத்திட்டத்தில் ஓய்வு பெறுவோர் தம் சேமிப்பின் ஒரு பகுதியைத் தொகையாகவே கையில் பெறுகின்றனர். முன்னைய தலைமுறைக்கு அரசே மாதந்தோறும் கணக்கிட்டு வழங்கிய வருவாயை, இத்தலைமுறை தன் தொகையிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்களில் ஒரு பெரும்பகுதியினரும் இந்நிலையிலேயே உள்ளனர். ஆகவே கடன் பத்திரத் தேர்வு வணிகவியல் துறைக்கு மட்டும் உரிய பொருள் அன்று.

புதுச்சேரி நகரம் இப்பொருளை ஆராய்வதற்குத் தக்க களமாகும். இந்திய அரசின் ஓய்வூதியர்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி யூரோவில் ஓய்வூதியம் பெறும், உள்ளூர் வழக்கில் ‘சொல்தா’ எனப்படும் குடும்பத்தினரும் ஒரே தெருவில் வாழும் நகரம் இது. கடன், நாணயம், அரசு ஆகிய மூன்றும் மாறும்போது சேமிப்புக்கு என்ன நேரும் என்பதை இந்நகரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

2. கடன் பத்திரத்தின் இயல்பு

கடன் பத்திரம் என்பது ஓர் அரசோ நிறுவனமோ வாங்கிய கடனுக்கு அளிக்கும் எழுத்துறுதி ஆகும். அதில் மூன்று செய்திகள் இடம்பெறும்: முகமதிப்பு, வட்டி விகிதம், முதிர்வு நாள். பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் உடைமையாளர். அவருக்கு இலாபத்தில் உரிமை உண்டு, உறுதி இல்லை. பத்திரம் வாங்கியவர் கடன் கொடுத்தவர். அவருக்கு உறுதி உண்டு, கூடுதல் இலாபத்தில் உரிமை இல்லை.

வட்டி மாறாது என்பதனாலேயே பத்திரத்தின் சந்தை விலை மாறுகிறது. 100 ரூபாய் முகமதிப்பும் 7 விழுக்காடு வட்டியும் கொண்ட, அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி தரும் 10 ஆண்டுப் பத்திரம் ஒன்றைக் கொள்வோம். அதை வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி 8 விழுக்காடாக உயர்ந்தால், அதன் விலை ஏறத்தாழ 93.20 ரூபாயாகக் குறையும். வட்டி 6 விழுக்காடாகக் குறைந்தால், விலை ஏறத்தாழ 107.44 ரூபாயாக உயரும். இதே மாற்றம் 2 ஆண்டுப் பத்திரத்தில் நேர்ந்தால், வட்டி உயரும்போது விலை 98.19 ரூபாய் வரையே இறங்கும். முதிர்வுக் காலம் நீள நீள விலையின் ஏற்ற இறக்கம் மிகும் என்பது இதனால் பெறப்படும். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு இவ்விறக்கம் நட்டம் ஆகாது. இடையில் விற்க நேர்பவருக்கு அது முழு நட்டமாகும்.

3. வரலாற்றுச் சான்றுகள்

3.1 கடன் பத்திரம் பங்காக மாறிய நிகழ்வு

புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு இந்தியக் கம்பெனி 1719 ஆம் ஆண்டில் ஜான் லா என்பவரின் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. பிரெஞ்சு அரசுக்குக் கடன் கொடுத்திருந்தோர் தம் கடன் பத்திரங்களைக் கொடுத்து இக்கம்பெனியின் பங்குகளைப் பெறத் தூண்டப்பட்டனர். 500 லிவர் முகமதிப்புடைய பங்கு ஏறத்தாழ 10,000 லிவர் வரை உயர்ந்து, 1720 ஆம் ஆண்டில் சரிந்தது. வட்டியை நம்பியிருந்தோர், தாம் விரும்பாத இடரைத் தாமே ஏற்றுக்கொண்ட நிகழ்வு இது. ஜான் லாவின் தம்பி மகனான ஜான் லா தெ லொரிஸ்தோன் 1765 முதல் 1777 வரை புதுச்சேரியின் ஆளுநராக இருந்தார். இன்றும் நகரில் ஒரு தெரு அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

3.2 அரசே கடனைக் குறைத்த நிகழ்வு

1797 செப்டம்பர் 30 அன்று பிரெஞ்சுக் குடியரசு தன் பொதுக்கடனில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே வட்டி தரும் கடனாக ஏற்றது. எஞ்சிய இரு பங்குக்கு வழங்கப்பட்ட சீட்டுகள் விரைவில் மதிப்பிழந்தன. 1918 ஆம் ஆண்டில் சோவியத் அரசு சார் மன்னர் காலத்துக் கடன்களை முற்றிலுமாக மறுத்தது. ரசியப் பத்திரங்களைப் பாதுகாப்பான சேமிப்பென நம்பி வாங்கியிருந்த பல இலட்சம் பிரெஞ்சுக் குடும்பங்கள் இதனால் பாதிக்கப்பட்டன. அரசுக் கடன் என்ற பெயர் மட்டும் போதிய உறுதி ஆகாது என்பதற்கு இவை சான்றாகும்.

3.3 வட்டி தவறாமலே வருவாய் கரைந்த நிகழ்வு

மூன்றாவது சான்றே இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு நெருக்கமானது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 3 விழுக்காடு வட்டி தரும் பிரெஞ்சு அரசின் ‘ராந்த்’ பத்திரம் பாதுகாப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. இப்பத்திரத்துக்கு வட்டி தவறாது வழங்கப்பட்டது. ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் பிராங்க் வீழ்ந்து, 1928 ஜூன் மாதச் சட்டத்தின்படி அதன் பொன்மதிப்பு 1914 ஆம் ஆண்டு மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக நிலைநிறுத்தப்பட்டது.

புதுச்சேரியின் நிலை இங்குத் தனித்தன்மை உடையது. ஆட்சி பிரெஞ்சு ஆட்சியாயினும் புழக்கத்தில் இருந்தது ரூபாய். 1877 முதல் நகரில் கிளை கொண்டிருந்த இந்தோசீன வங்கி ரூபாய்த் தாள்களையே வெளியிட்டது. அதன் மதிப்பு பிரிட்டிஷ் இந்திய ரூபாயோடு ஒத்திருந்தது. 10,000 பிராங்க் ராந்த் பத்திரம் வைத்திருந்த புதுச்சேரிவாசி ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருடைய ஆண்டு வட்டி 300 பிராங்க். 1914 இல் ஒரு பவுனுக்கு 25.22 பிராங்க், ஒரு ரூபாய்க்கு 1 சில்லிங் 4 பென்னி என்ற கணக்கில் அது ஏறத்தாழ 178 ரூபாய். 1928 இல் ஒரு பவுனுக்கு 124.21 பிராங்க், ஒரு ரூபாய்க்கு 1 சில்லிங் 6 பென்னி என்ற கணக்கில் அது ஏறத்தாழ 32 ரூபாய். ஒரு தவணையும் தவறாமலே வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது.

4. இடர்களின் வகைப்பாடு

மேற்கண்ட சான்றுகளைக் கொண்டு நிலை வருவாய் முதலீட்டின் இடர்களை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, தவறுகை இடர். கடன் பெற்றவர் வட்டியையோ முதலையோ தராதிருத்தல். தரக்குறியீடு இதனைக் கணிக்க உதவும், உறுதிப்படுத்தாது. ஐ.எல்.&எப்.எஸ். நிறுவனம் 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிக உயர்ந்த தரக்குறியீட்டைப் பெற்றிருந்து, அதே ஆண்டு செப்டம்பரில் தவணை தவறிய நிலைக்குத் தாழ்த்தப்பட்டது.

இரண்டாவது, வட்டி விகித இடர். இது இரண்டாம் பகுதியில் விளக்கப்பட்டது.

மூன்றாவது, மறுமுதலீட்டு இடர். 2003 ஆம் ஆண்டு அறிமுகமான 8 விழுக்காடு சேமிப்புப் பத்திரத்தை 2014 ஜூலையில் 10 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியவர் ஆண்டுக்கு 80,000 ரூபாய் பெற்றார். ஆறாண்டு கழித்து 2020 ஜூலையில் அது முதிர்ந்தபோது, அப்போது கிடைத்த மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரத்தின் தொடக்க வட்டி 7.15 விழுக்காடு. வருவாய் 71,500 ரூபாயாகக் குறைந்தது. முதல் முழுமையாகத் திரும்பியும் வருவாய் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்பது நோக்கத்தக்கது.

நான்காவது, பணவீக்க, நாணய மாற்று இடர். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால், இன்று 10,000 ரூபாய் வாங்குவதில் ஏறத்தாழ 6,139 ரூபாய்க்குரிய பொருளையே அத்தொகை 10 ஆண்டுகள் கழித்து வாங்கும். 20 ஆண்டுகள் கழித்து 3,769 ரூபாய்க்குரியதை மட்டுமே வாங்கும்.

ஐந்தாவது, பணமாக்கல் இடர். வேண்டும்போது நியாய விலைக்கு விற்க இயலாமை.

5. இன்றைய வாய்ப்புகள்

5.1 புதுச்சேரி அரசின் பத்திரங்கள்

1963 ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டத்தில் 2001 இல் செய்யப்பட்ட திருத்தம், தன் தொகுநிதியின் பிணையில் கடன் பெறும் அதிகாரத்துக்கு வழிவகுத்தது. 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக்கணக்கு ஏற்பட்டபின், இந்திய ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலங்களில் மாநிலங்களோடு புதுச்சேரியும் தன் பத்திரங்களை விற்கிறது. இவற்றின் வட்டியும் முதலும் ரிசர்வ் வங்கி வழியாகவே வழங்கப்படுகின்றன.

மாநிலப் பத்திரங்களின் ஈட்டு விகிதம், அதாவது வாங்கிய விலைக்குக் கிடைக்கும் முழு ஆண்டு வருவாய், ஒத்த முதிர்வுடைய மத்திய அரசுப் பத்திரத்தைவிடச் சற்று மிகுந்திருப்பது வழக்கம். இம்மிகுதியின் பெரும்பகுதி, எளிதில் விற்க இயலாமைக்கான ஈடு எனலாம். சிறிய ஒன்றியப் பகுதியின் வெளியீடுகள் அளவிற் சிறியவை. இடையில் அவற்றை விற்க முயல்பவர் வாங்குநரைத் தேட நேரும். எனவே முதிர்வு வரை வைத்திருக்க இயல்பவர்க்கே இவை பொருந்தும்.

2021 நவம்பர் 12 அன்று தொடங்கப்பட்ட ரிசர்வ் வங்கியின் ரீட்டெய்ல் டைரக்ட் வசதி வழியாகத் தனிநபர் 10,000 ரூபாய் முதல் இப்பத்திரங்களையும், மத்திய அரசுப் பத்திரங்களையும், 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களையும் நேரடியாக வாங்கலாம். இக்கணக்குக்குக் கட்டணம் இல்லை.

5.2 அஞ்சலகத் திட்டங்களும் சேமிப்புப் பத்திரமும்

60 வயது நிறைந்தோருக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் ஐந்தாண்டுக் காலத்தது; காலாண்டுக்கு ஒருமுறை வட்டி தருவது. 2023 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 30 இலட்சம் ரூபாய்; அப்போது அறிவிக்கப்பட்ட வட்டி 8.2 விழுக்காடு. மாத வருவாய்த் திட்டத்தின் வரம்பு தனிக்கணக்குக்கு 9 இலட்சம், கூட்டுக் கணக்குக்கு 15 இலட்சம் ரூபாய். கணக்குத் தொடங்கியபோதுள்ள வட்டியே முதிர்வு வரை தொடரும் என்பது இவ்விரண்டின் சிறப்பாகும்.

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டிச் சேமிப்புப் பத்திரம் ஏழாண்டுக் காலத்தது. தேசியச் சேமிப்புச் சான்றிதழின் வட்டியோடு 0.35 விழுக்காடு கூட்டி அதன் வட்டி ஆண்டுக்கு இருமுறை கணிக்கப்படுகிறது. 7.15 விழுக்காட்டில் தொடங்கிய அது 2023 ஜூலையில் 8.05 விழுக்காட்டை எட்டியது. இதனைச் சந்தையில் விற்க இயலாது. 60 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் இடையில் முடித்துக்கொள்ளவும் இயலாது.

5.3 வங்கி வைப்பு

2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டி உட்பட 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. ஒரே வங்கியின் பல கிளைகளில் உள்ள வைப்புகள் சேர்த்தே கணக்கிடப்படும். எனவே கிளைகளைப் பெருக்குவதால் காப்பு மிகாது. வங்கிகளைப் பிரிப்பதால் மிகும்.

5.4 வசிப்பு நிலை

1956 மே 28 அன்று கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், புதுச்சேரி மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்யும் வாய்ப்பளித்தது. இதன் விளைவாக ஒரே குடும்பத்தினரிடையே குடியுரிமையும் வசிப்பு நிலையும் வேறுபடுவதுண்டு. மூத்த குடிமக்கள் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குத் தொடங்க இயலாது. ஆகவே இந்நகரில் வட்டி விகிதத்துக்கு முன் ஆராய வேண்டியது முதலீட்டாளரின் சட்ட நிலையாகும்.

6. தேர்வு முறை

முதற்படி, செலவு எந்த நாணயத்தில், எவ்வளவு என்பதைக் கணித்தல். யூரோவில் ஓய்வூதியம் பெற்று ரூபாயில் செலவு செய்பவருக்கு நாணய மாற்று இடர் ஏற்கெனவே உண்டு. அவர் சேமிப்பையும் யூரோவில் வைத்தால் அவ்விடர் இரட்டிக்கும்.

இரண்டாம்படி, உணவு, மருந்து, வாடகை போன்ற தவிர்க்கவியலாச் செலவுகளை அரசு உறுதியுடைய வருவாயால் ஈடுசெய்தல். உயர்வட்டி தரும் நிறுவனப் பத்திரம் இப்பகுதிக்கு உரியதன்று.

மூன்றாம்படி, முதிர்வுகளைப் பரப்புதல். 10 இலட்சம் ரூபாயை இரண்டிரண்டு இலட்சமாகப் பிரித்து 1, 2, 3, 4, 5 ஆண்டுகளில் முதிருமாறு இட்டு, முதிரும் ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் ஐந்தாண்டுக்கு இடுவது ஏணி முறையாகும். வட்டி வீழ்ந்தாலும் ஓர் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கே பாதிப்படையும். அவசரத் தேவைக்கு ஆண்டுதோறும் ஒரு பகுதி கைக்கு வரும்.

நான்காம்படி, வட்டியில் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதை அறிதல். 10 இலட்சத்துக்கு 8 விழுக்காடு வட்டி 80,000 ரூபாய். விலைவாசி 5 விழுக்காடு உயர்ந்தால், முதலின் வாங்கும் ஆற்றல் குறையாதிருக்க 50,000 ரூபாயை முதலோடு சேர்க்க வேண்டும். எஞ்சும் 30,000 ரூபாயே, வரிக்கு முன், உண்மை வருவாய். 80,000 ரூபாயையும் செலவழிப்பவர் தம் முதலையே சிறிது சிறிதாக உண்கிறார். முதுமையில் முதலைச் செலவழிப்பது தவறன்று. அறியாமல் செலவழிப்பதே இடர்.

7. முடிவுரை

திருப்பித் தரப்படும் என்ற உறுதி பாதுகாப்பின் ஒரு கூறு மட்டுமே என்பதை ராந்த் பத்திரத்தின் வரலாறு காட்டுகிறது. வாங்குபவரின் நாணயம், காலம், செலவு ஆகியவற்றோடு பத்திரம் எந்த அளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கே அது பாதுகாப்பானது. ஆகவே 65 வயதினருக்குப் பொருந்தும் மூத்த குடிமக்கள் திட்டம், வெளிநாட்டில் வசிக்கும் அவருடைய மகனுக்குப் பொருந்தாது. முதிர்வு வரை காத்திருக்க இயல்பவர்க்கு ஏற்ற புதுச்சேரி அரசுப் பத்திரம், அடுத்த ஆண்டே பணம் தேவைப்படுவோருக்கு ஏற்றதன்று. வட்டி விகிதங்களின் பட்டியலை ஒப்பிடுவதற்கு முன் தம் செலவுகளின் பட்டியலை எழுதிப் பார்ப்பதே இத்தேர்வின் முறையான தொடக்கமாகும்.