பந்தயமும் பணயமும்

தமிழிற் 'பந்தயம்' என்ற சொல்லுக்குப் பொருள் இரண்டு. முந்தி ஓடுவதும் பந்தயம். எவர் முந்துவார் என்று பணம் வைப்பதும் பந்தயம். இங்கிலாந்தின் குதிரை ஓட்டத்திலும் நாய் ஓட்டத்திலும் இவ்விரண்டும் பிரியாது நின்றன. அங்கு வளர்ந்த ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தின் கதையோ வேறு.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இவ்விளையாட்டு, 1928 பெப்ரவரி 19ஆந் திகதி இலண்டனை அடுத்த எப்பிங் காட்டில், ஹை பீச் என்னுமிடத்திற் பிரித்தானியாவிற் கால்கொண்டதென்பர். நால்வர் நான்கு சுற்று ஓடுவர். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல்வருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. 500 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய வண்டிக்குப் பிறேக் கிடையாது. இதென்ன விபரீதம் என்று நேயர்கள் வியக்கலாம். வளைவில் ஓட்டி பின்சக்கரத்தை வெளிப்புறமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பி, இரும்பு அடி பொருத்திய இடக்காலை நிலத்தில் ஊன்றுகிறார். அச்சறுக்கலே வேகத்தை அடக்குகிறது. ஒருவர் திடீரென நின்றால் பின்னால் வருபவர் அவர்மேல் ஏறிவிடுவார் அல்லவா? ஆபத்து இல்லாமலுமில்லை. 1955இலும் 1962இலும் உலக வாகை சூடிய பீற்றர் கிரேவன், 1963 செப்டெம்பரில் எடின்பரோவில், முன்னே விழுந்தவரைத் தவிர்க்க விலகித் தடுப்பில் மோதினார். சில நாட்களில் உயிர் நீத்தார்.

வெம்பிளி அரங்கில் ஓரிரவு நாய்கள் ஓடின. மற்றோரிரவு இவ்வண்டிகள் ஓடின. நாய் ஓட்டம் பணயப் பணத்தால் வாழ்ந்தது; ஸ்பீட்வே வாயிற் கட்டணத்தால் வாழ்ந்தது. 1961 மே மாதத்தில் உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறக்கும்வரை, களத்துக்கு வெளியே ரொக்கமாகப் பணம் வைப்பதே அந்நாட்டிற் சட்டவிரோதம். இன்று உலகப் போட்டிகளுக்குப் பந்தயம் பிடிப்போர் உளர்.

ஆயினும் பணயம் விலகினால் ஐயமும் விலகிவிடுமா? 1936இல் வெம்பிளியில் நடந்த முதலாவது உலக இறுதிப் போட்டியைப் பார்ப்போம். அவுஸ்திரேலியரான புளூயி வில்கின்சன் தம் ஐந்து ஓட்டங்களிலும் வென்று 15 புள்ளி பெற்றார், பட்டமோ கிட்டவில்லை. முந்தைய சுற்றுகளின் மேலதிகப் புள்ளிகளையும் கூட்டவேண்டும் என்பது அன்றைய விதி. அவ்வாறு கூட்டியபோது அவருக்கு 25. அவர் நாட்டவரான லயனல் வான் பிராக்குக்கும் இங்கிலாந்தின் எரிக் லாங்டனுக்கும் 26. இருவருக்குமிடையே தனியோட்டம் வைக்கப்பட்டது.

முதல் வளைவை முந்தி அடைபவருக்கே வெற்றி, பரிசுப் பணத்தில் இருவருக்கும் பங்கு என்று அவர்கள் முன்னரே பேசிக்கொண்டதாகப் பின்னாளில் வதந்தி எழுந்தது. லாங்டன் வளைவை முதலில் அடைந்தார். வான் பிராக் விடவில்லை, ஒரு சக்கர அளவுக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். மனச்சாட்சி உறுத்த, லாங்டனுக்கு 50 பவுண் கொடுத்தார் என்றும் சொல்வர். இது மெய்யாயின் வேடிக்கைதான்: கொடுத்த வாக்கை மீறியதனாலேயே அவ்வோட்டம் நேர்மையான போட்டியாயிற்று!

வில்கின்சன் 1938இற் பட்டத்தை வென்றார். போருக்குப் பின் 1949இல் இறுதிப் போட்டி மீண்டும் தொடங்கியபோது மேலதிகப் புள்ளி கைவிடப்பட்டு, அன்றிரவு ஈட்டிய புள்ளிகளே கணக்கிடப்பட்டன.